பெருமுக்கல் மலையின் கல் புத்தகம்

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் வழியில் பெருமுக்கல் மலை இருக்கிறது. மலை மேல் சிவன் கோவில். அதன் கற்சுவர்களில் சோழர் காலத்துத் தமிழ் எழுத்துக்கள்! அங்கே ஒரு குகையும் உண்டு. ஊரார் அதைச் சீதை குகை என்பார்கள். அதன் பாறையில் கோடுகளும் குறிகளுமாகப் பல கீறல்கள். அவை மிகப் பழங்காலத்தவை என்பது ஆராய்ச்சியாளர்கள் கருத்து.

"வெறும் கீறல்தானே! அழிந்தால் என்ன?" என்று சிலர் கேட்கலாம். அவர்கள் பாரிஸ் நகரத்துக் கதையைக் கேட்க வேண்டும்.

அங்கே நோத்ர தாம் என்ற மாதா கோவில் இருக்கிறது. 1163-ல் கட்டத் தொடங்கியது. கூர்மையான வளைவுகளோடு வானளாவ எழும்பும் 'கோதிக்' பாணிக் கட்டடம். வெளிச்சுவரெங்கும் கற்சிலைகள். அந்நாளில் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வேதக் கதைகளைச் சுவரில் பார்த்தே அறிந்தார்கள். கூரை ஓரத்தில் வாய் பிளந்த விலங்குகளும் உண்டு. அவை வெறும் அழகுக்கு அல்ல. மழைத் தண்ணீர் சுவரில் வழியாமல் தூர விழச் செய்யும் தூம்புகள். நம் கோவில்களில் அபிஷேகத் தண்ணீரை வெளியேற்றும் கோமுகி போலத்தான்.

கோவில் முகப்பில் 28 அரசர் சிலைகள் நின்றன. வேதத்தில் வரும் யூத நாட்டு மன்னர்கள் அவர்கள். 1793-ல், பிரெஞ்சுப் புரட்சியின்போது, "இவர்கள் நம்மை ஆட்டிப் படைத்த பிரெஞ்சு மன்னர்கள்" என்று நினைத்துச் சிலைகளின் தலைகளை உடைத்தெறிந்தார்கள். 184 ஆண்டுகள் சென்று, 1977-ல், பாரிசில் மண்ணைத் தோண்டியபோது 21 தலைகள் கிடைத்தன. இன்று அவை காட்சிசாலையில் இருக்கின்றன. உடலை விட்டுப் பிரிந்த தலைகள்!

இன்னதென்று தெரியாததால் வந்த வினை இது. நம் ஊரிலும் இது நடக்கிறது. பழைய கல்லில் ஆணியால் பெயர் கீறுகிறார்கள். கல்வெட்டின் மேல் பெயிண்ட் அடிக்கிறார்கள். சுத்தம் செய்வதாக எண்ணி மணலைப் பீய்ச்சி அடித்தால், அழுக்கோடு எழுத்தும் தேய்ந்து போகிறது. தேய்ந்த எழுத்து திரும்ப வராது.

இதற்கு மருந்து சட்டம் மட்டும் அல்ல, அறிவு. சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் ஆண்டுக்கு ஒரு நாள் பிள்ளைகளைப் பெருமுக்கல் மலைக்கு அழைத்துச் செல்லட்டும். பெற்றோரும் உடன் போகலாம். தமிழ் படிக்கத் தெரிந்தவர் கொஞ்சம் பழகினால், அந்தச் சோழர் கால எழுத்துக்களில் சிலவற்றை இனம் கண்டுகொள்ளலாம்.

தன் பாட்டன் எழுதியதைப் படித்துவிட்ட பிள்ளை, அதன் மேல் ஆணியை வைக்குமா?