டாஷ்போர்ட் வெளிச்சம் ஆருக்கு?

பழைய காரின் டாஷ்போர்டுக்கு எல்ஈடி போடப்போறன் என்று எங்கட வயசுப் பெடியளிட்ட சொன்னால் முதல் வாற கேள்வி, "என்ன கலர்?" என்பதுதான். பதிலும் அனேகமாக நீலம். அதுவும் கண்ணைக் குத்துற நீலம். நாங்கள் எல்ஈடிக்கு எதிரான ஆக்கள் இல்லை, போடத்தான் வேணும் என்று சொல்லுவம். ஆனால் கலரில தொடங்கிறது பிழையான தொடக்கம்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்குத் திரும்பத் திறபட 2025 பெப்ரவரி ஆனது. திறந்த பிறகும் விலையைக் கேட்டால் தலை சுத்துது. ஆகவே 1990களின் கொரோலாவும் சன்னியும் இன்னும் எங்கட வாசல்களில நிக்குது. சில வீடுகளுக்கு அதுதான் சோறு போடுது. அப்படிப்பட்ட காரில மீற்றர் வெளிச்சம் மங்கிக்கொண்டு போறது சின்ன விசயம் இல்லை. பழைய இழை பல்ப் எரிஞ்சு எரிஞ்சு உள்ளுக்குள்ள கறுத்துப்போகும். அதுக்கு மேல போட்டிருக்கிற பச்சை, நீல மூடி வெக்கையில வெளிறிப்போகும். ஒரு பல்ப் செத்தால் மீற்றரில ஒரு பக்கம் இருட்டு. அந்தப் பக்கத்தில என்ஜின் சூட்டைக் காட்டுற முள் இருந்தால், ராத்திரியில அது ஏறுறதை ஆர் பார்க்கிறது?

யாழ்ப்பாணத்தில இருந்து கட்டுநாயக்காவுக்கு ராத்திரி ஓட்டம் போற ஒரு அப்பாவை நினைச்சுப் பாருங்கோ. ஏ9இல மாங்குளம், முறிகண்டிப் பக்கம் தெருவிளக்கு இல்லாத நீளங்கள் இருக்கு. றோட்டில மாடு படுத்திருக்கும். எங்கட கண் இருட்டுக்கு முழுசாகப் பழக அரை மணித்தியாலம் அளவில எடுக்கும், அதைக் கெடுக்கச் சில செக்கன் போதும். இருட்டில வேலை செய்யிற கோல் கலங்கள் நீலப்பச்சை வெளிச்சத்துக்குத்தான் கூடத் துலங்கும், சிவப்புக்கு மிகக் குறைவு. பிஎம்டபிள்யூ காரர் பல காலமாக டாஷ்போர்டுக்குச் செம்மஞ்சள் வெளிச்சம் வைச்சது சும்மா வடிவுக்கு இல்லை. வயசு போகப் போக கண்வில்லை கலங்கி, கூசலும் கூடும். மகன் ஆசைக்குப் போட்ட நீல வெளிச்சம் முன்கண்ணாடியில தெறிச்சு, மாடு நிக்கிற இடத்தை மறைக்கிறது அந்த அப்பாவுக்குத்தான். நிப்பாட்டின காரைப் படம் எடுத்துப் போட நீலம் நல்லாத்தான் இருக்கும்.

எங்கட வாதம் இதுதான்: பழைய கார் புதுசாக இருந்த காலத்தில எவ்வளவு வெளிச்சம் இருந்ததோ, அந்தளவுக்குத் திரும்பக் கொண்டுவந்தால் காணும். அதுக்கு மேல வேண்டாம். எல்ஈடி மின் கொஞ்சமாகத்தான் எடுக்கும், வெக்கையும் குறைவு, மீற்றருக்குப் பின்னால இருக்கிற பிளாஸ்ரிக்குக்கும் நல்லது. மஞ்சள் சாயல் வெள்ளையாகப் பார்த்து வாங்குங்கோ. பச்சை மூடி இருந்தால் அதுக்குள்ள வெள்ளை அல்லது பச்சை போடலாம், சிவப்பு போட்டால் ஒன்றும் தெரியாது. இழை பல்ப் எல்லாப் பக்கமும் எரியும், மலிவு எல்ஈடி முன்பக்கம் மட்டும்தான் அடிக்கும். அதனால நடுவில ஒரு வெள்ளைப் பொட்டும் ஓரத்தில இருட்டுமாக வரும். பக்கவாட்டிலயும் சில்லு வைச்சதைக் கேளுங்கோ. ஜப்பான் கார்களில அனேகமாக ரி10, ரி5 அளவுகள்தான், ஆனாலும் பழசைக் கழட்டிக் கையில கொண்டுபோறது நல்லது.

வெளிச்சத்தைக் குறைக்கிற உருளையை நம்பிப் பிரகாசமானதைப் போடாதைங்கோ. பழைய வகை உருளை இழை பல்ப் இழுக்கிற மின்னைக் கணக்கில வைச்சுச் செய்தது, எல்ஈடிக்கு அது ஒழுங்காகக் குறையாது.

வேலை கஷ்டமில்லை. பற்றரியின் மறை வயரைக் கழட்டிப்போட்டு, மீற்றர் பெட்டியை மெதுவாக வெளியில எடுத்தால் பின்னால பல்ப் பிடிகள் கால் சுற்றில கழரும். அங்க இருக்கிற மெல்லிய மின்சுற்றுத் தாளை இழுக்கக்கூடாது, கிழிஞ்சால் போச்சு. பள்ளிக்கூடத்தில ஒளிகாலும் இருவாயி படிச்சதெல்லாம் இங்கதான் உதவும்: ஒரு திசையில மட்டும்தான் மின் போகும். எரியாட்டில் திருப்பிப் போடுங்கோ, எல்லாம் எரியுதா என்று பார்த்த பிறகு மூடுங்கோ. ஊரில இன்னும் ஓடுற ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் வைச்சிருக்கிறவைக்கு ஒரு சொல்: அந்தக் கார்கள் நேர்முனையைத்தான் உடம்போட பூட்டி வந்தவை. பிறகு ஆரும் மாத்தியிருக்கவும் கூடும், முதல் அதைப் பாருங்கோ.

பற்றரிப் படம் போட்ட சிவப்பு விளக்கை மட்டும் தொடாதைங்கோ. பல பழைய கார்களில அது வெறும் எச்சரிக்கை விளக்கு இல்லை. ஒல்டர்னேற்றர் வேலை தொடங்கத் தேவையான முதல் மின் அந்த இழைக்குள்ளாலதான் போகுது. அந்த இடத்தில எல்ஈடி போட்டால் போற மின் காணாது. சார்ஜ் ஏறாமல், ஹெட்லைற்றும் போட்டுக்கொண்டு ஓடினால் பற்றரி நடு றோட்டில இறங்கும். ஓமந்தை தாண்டி விடியப்புறம் மூண்டு மணிக்கு மெக்கானிக் தேடிப் பாருங்கோ. எயார்பாக் விளக்கும் அப்படியே இருக்கட்டும்.

கழட்டின பல்ப்களில நல்லதை எறியாமல் வைச்சிருங்கோ. அந்தப் பற்றரி விளக்குக்கு ஒரு நாள் தேவைப்படும்.