பெட்டி நிறையக் கையுறை

வீட்டுக்கு வந்த விருந்தாளியை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்பார்கள். தேசங்களுக்கும் இந்தச் சம்பிரதாயம் உண்டு. வந்தவர் பெரிய மனிதராக இருந்தால் வெள்ளித் தட்டு, தங்கப் பேனா, தந்தப் பெட்டி என்று தடபுடல் செய்வது வழக்கம். லாட்வியா தேசத்தார் என்ன கொடுத்தார்கள் தெரியுமா? கையுறை!

2006-ம் வருஷம் நவம்பர் மாதக் கடைசியில், லாட்வியாவின் தலைநகரான ரீகாவில் 'நேட்டோ' மகாநாடு கூடியது. ஜனாதிபதிகள் வந்தார்கள், பிரதம மந்திரிகள் வந்தார்கள், அவர்கள் பின்னால் அதிகாரிகளும், எங்கள் ஜாதிக்காரர்களான பத்திரிகை நிருபர்களும் வந்தார்கள். வந்தவர்களுக்குக் கொடுப்பதற்காகத் தயாரான கையுறைகள் சுமார் 4,500 ஜோடி. அத்தனையும் அந்நாட்டுப் பெண்கள் ஊசியும் கையுமாக உட்கார்ந்து பின்னியவை. பீரங்கியையும் போர் விமானத்தையும் பற்றிப் பேச வந்த சபையில், பாட்டிமார்களின் கம்பளி நூலுக்கு அப்படி ஒரு ராஜ மரியாதை!

இந்தக் கையுறையில் ஐந்து விரலுக்கும் ஐந்து அறை கிடையாது. பெருவிரல் மட்டும் தனிக்குடித்தனம். மற்ற நால்வரும் கூட்டுக் குடும்பம். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இருப்பதால் அவற்றுக்குக் குளிர் குறைவு. கூட்டுக் குடும்பத்தில் இப்படியும் ஒரு சௌகரியம்!

ஊசி ஐந்து, நிறம் இரண்டு

பின்னுவதற்கு ஐந்து ஊசிகள் வேண்டும். நான்கு ஊசிகள் சதுரமாக நின்று கண்ணிகளைத் தாங்கிக்கொள்ள, ஐந்தாவது ஊசி சுற்றிச் சுற்றி வந்து பின்னுகிறது. இரண்டு நிற நூல்கள் கூடவே ஓடுகின்றன. ஒரு நிறம் முன்பக்கம் பூவாகப் பூக்கும்போது மற்றது உள்பக்கம் ஒளிந்துகொள்ளும். அடுத்த கண்ணியில் இது போய் அது வரும். இதனால் துணி இரட்டைக் கனம் ஆகிவிடுகிறது. அழகுக்காகச் சேர்த்த இரண்டாவது நிறமே குளிருக்கும் கவசம். கண்ணி எண்ணிக்கை ஓரிடத்தில் பிசகினால் கோலம் முழுவதும் கோணல்தான்.

கோலம் என்று சும்மா சொல்லவில்லை. சூரியன், விடிவெள்ளி, பாம்பு, ஒரே தாளில் விளைந்த இரட்டைக் கதிர் எல்லாம் அதில் கோடும் கட்டமுமாக வரும். ஊருக்கு ஊர் நிறமும் கோலமும் மாறும். விஷயம் தெரிந்தவர்கள் கையுறையைப் பார்த்தே இன்ன பிரதேசம் என்று சொல்லிவிடுவார்கள்.

மாமியாருக்கு ஒன்று, மாட்டுக் கொட்டகைக்கு ஒன்று

அந்தக் காலத்து லாட்வியப் பெண்ணுக்குக் கல்யாணச் செலவு கையில்தான் இருந்தது. மாடு மேய்க்கும் சிறுமி நடந்துகொண்டே பின்னுவாள். பின்னியதெல்லாம் சீர்ப் பெட்டிக்குள் போகும். வசதியான வீட்டுப் பெண்ணின் பெட்டியில் நூறு ஜோடிக்கு மேல் சேர்ந்திருக்கும். கல்யாணத்தன்று மாமியார், மாமனார், நாத்தனார் தொடங்கி வண்டியோட்டி வரைக்கும் ஆளுக்கு ஒரு ஜோடி. அதோடு விட்டதா? புக்ககத்தில் கிணறு, மாட்டுக் கொட்டகை, வாசற்படி என்று இடத்துக்கு இடம் ஒன்று வைக்க வேண்டும். பெட்டி திறக்கும்போதே பெண்ணின் சாமர்த்தியம் ஊருக்குத் தெரிந்துபோகும்!

ஆண்களோ, பண்டிகை நாளென்றால் கோடை வெயிலிலும் கையுறையை இடைக்கச்சையில் செருகிக்கொண்டு கிளம்புவார்கள். குளிருக்காகப் பிறந்த பொருள் எப்போதோ கௌரவச் சின்னமாகிவிட்டது. கடைசியில் சாவு வீட்டில் குழி வெட்டுகிறவருக்கும் ஒரு ஜோடி உண்டு.

கொடி போனது, கோலம் போகவில்லை

1918-ல் சுதந்திரம் பெற்ற லாட்வியாவை 1940-ல் சோவியத் ரஷ்யா விழுங்கியது. நடுவே ஜெர்மானியர் வந்தார்கள். மறுபடி ரஷ்யர் வந்தார்கள். 1949 மார்ச்சில் மட்டும் 40,000-க்கு மேற்பட்டவர்கள் சைபீரியா முதலிய தூர தேசங்களுக்கு நாடு கடத்தப்பட்டார்கள். சிவப்பு, வெள்ளை, சிவப்பு என்ற தேசக் கொடி தடை செய்யப்பட்டது. கைத்தொழில் என்ற பெயரில் பின்னல் வேலைக்கு மட்டும் இடம் இருந்தது. கொடியைப் பறிமுதல் செய்யலாம். பாட்டி பேத்திக்குச் சொல்லிக் கொடுத்த கண்ணிக் கணக்கை எந்தப் போலீஸ் பறிமுதல் செய்யும்?

1980-களின் கடைசியில் விடுதலை உணர்ச்சி மறுபடி பொங்கியபோது, மக்கள் சட்டையில் குத்திக்கொண்ட சின்னம், கையுறைகளில் பின்னிவந்த அதே எட்டு முனை விடிவெள்ளி. 1991-ல் சுதந்திரம் திரும்பியது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நமக்குப் பழக்கமான ஸ்வஸ்திகம் லாட்வியாவின் பழைய கையுறைகளிலும் இருக்கிறது. அங்கே அது நெருப்புச் சிலுவை, இடிச் சிலுவை. மங்கலச் சின்னம்தான். 1930-களில் அங்கே ஒரு தீவிரவாதக் கட்சி 'இடிச் சிலுவை' என்றே தனக்குப் பெயர் வைத்துக்கொண்டது. ஹிட்லர் செய்த காரியமோ உலகமே அறிந்தது. பாட்டி பின்னிய பூ ஒரு தப்பும் செய்யவில்லை; ஆனாலும் இன்று அதைப் பார்க்கிற வெளியூர்க்காரர் திடுக்கிடுகிறார். நம்முடையது என்ற பெருமை, மற்றவனுக்கு இடமில்லை என்ற ஆங்காரமாக மாறினால் பூவுக்கும் பழி வந்து சேரும்.

விடிவெள்ளியின் கதை வேறு. அந்த எட்டு முனை நட்சத்திரம் நார்வேயிலும் உண்டு. ஸெல்பு என்ற ஊரில் 1857-ல் மாரிட் எம்ஸ்டாட் என்ற பதினாறு வயதுப் பெண் அதைக் கறுப்பு வெள்ளைக் கையுறையில் பின்னினாள். அது ஊர் முழுவதற்கும் பிழைப்பாகி, இன்று நார்வேயின் பெருமையாக விளங்குகிறது. எஸ்தோனியர்களும் அதைப் பின்னுகிறார்கள். ஒரு நட்சத்திரம் மூன்று தேசத்துக்கும் சொந்தம்; சண்டை இல்லை!

ரீகா மகாநாடு நடந்தபோது லாட்வியாவின் ஜனாதிபதி ஒரு பெண்மணி: வைரா வீக்கே ஃப்ரைபெர்கா. யுத்தத்தின்போது ஏழு வயதுக் குழந்தையாக நாட்டை விட்டு ஓடியவர். அகதி முகாமில் தங்கைக் குழந்தையைப் பறிகொடுத்தவர். கனடாவில் பேராசிரியையாகித் தம் நாட்டு நாடோடிப் பாடல்களை ஆராய்ந்தவர். 1998-ல் தாயகம் திரும்பி, மறு வருஷமே ஜனாதிபதியானார். அகதியாகப் போன குழந்தை, வீட்டுக்காரியாகத் திரும்பி உலகத்தாரை விருந்துக்கு அழைத்தாள். அந்த விருந்தில் கொடுக்கக் கையுறையைவிடப் பொருத்தமாக என்ன இருக்க முடியும்?

20 லட்சம் பேர் கூட இல்லாத சின்ன தேசம். அதன் பெருமையை ஜோடி ஜோடியாக அந்நியர் வாங்கிப் போனார்கள். போட்டுக்கொள்ளும் கை எந்த நாட்டுக் கை என்று கேட்டுவிட்டா கையுறை சூடு கொடுக்கிறது?