சிட்னியில் எமன் திசை!

ஆஸ்திரேலியாவில் சிட்னிப் பட்டணத்தின் மேற்குப் புறநகர்களாகிய வென்ட்வொர்த்வில், டூங்காபி முதலிய இடங்களில் நம்மவர்கள் திரளாகக் குடியேறி, முப்பது வருஷக் கடனில் வீடு வாங்கி வருகிறார்கள். நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் சமுத்திரம் தாண்டினால் பாவம் என்ற சாஸ்திரத்தை மீறி விமானமேறிய இவர்கள், வாஸ்து சாஸ்திரத்தை மட்டும் பெட்டிக்குள் மடித்து வைத்துக்கொண்டு போன மர்மந்தான் நமக்கு விளங்கவில்லை.

தெற்கு வாசல் வீடு என்றால் உள்ளே கால் வைக்காமலே திரும்புகிறார்கள். கேட்டால், “இது மூடநம்பிக்கையல்ல, சூரியன் போகும் பாதையைக் கணித்துப் பெரியோர் எழுதிய விஞ்ஞானம்” என்கிறார்கள். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். சிட்னி பூமத்திய ரேகைக்குத் தெற்கே சுமார் 34 பாகையில் இருக்கிறது. அங்கே வருஷம் முழுதும் நடுப்பகல் சூரியன் வடக்கு வானத்தில்தான் நிற்கும். ஒருநாளாவது தலைக்கு நேரே வராது. நமது நாட்டிலோ வருஷத்தில் பெரும்பகுதி அது தெற்கே சாய்ந்திருக்கிறது. சூரியனே பக்கம் மாறிவிட்ட பிறகு சாஸ்திரம் ஏன் மாறவில்லை என்று கேட்கிறோம்.

இதனால் வரும் நஷ்டத்தைப் பாருங்கள். ஜூன், ஜூலை அங்கே குளிர்காலம். வடக்கே பார்த்த அறைக்குள்தான் வெயில் விழும். தெற்கே பார்த்த அறை சில்லிட்டுப் பூஞ்சணம் பிடிக்கும். வாசல் தெற்கானால் கொல்லை வடக்காகிறது. கூடத்தையும் அடுக்களையையும் கொல்லைப்புறமாக வைப்பது அங்கே பெருவழக்கம். ஆகவே குழந்தைகள் விளையாடுமிடத்தில் வெயில் விழும், துணி காயும். வீட்டுத் தரகர்கள் இதை விளம்பரத்தில் போட்டு விலை கூட்டுகிறார்கள். நம்மவரோ அதை “எமன் திசை” என்று தள்ளிவிட்டு, வடக்கு வாசல் வீட்டுக்கு ஏலத்தில் முட்டி மோதி, பிறகு இருண்ட கூடத்தில் மின்சாரக் கணப்பின் முன்னே போர்வையோடு உட்கார்ந்திருக்கிறார்கள். எமன் அங்கே மின்சாரக் கட்டணச் சீட்டாக வருகிறான் போலும்! (சீனருக்கு 4-ஆம் எண் ஆகாது, வெள்ளையருக்கு 13 ஆகாது, பைத்தியம் நமக்கு மட்டும் உரியதல்ல.)

பார்க்க வேண்டியவை வேறு. 2018 டிசம்பர் 24-இல் சிட்னியின் ஓப்பல் டவர் என்னும் புத்தம்புது அடுக்குமாளிகை வெடிப்பு விட்டது. 2019 ஜூனில் மாஸ்காட் டவர்ஸ் குடிகள் வெளியேற்றப்பட்டார்கள். கடனையும் கட்டி, வேறிடத்து வாடகையும் கொடுத்துத் தவித்தவர்கள் பலர். அங்கே எந்த மூலையில் அடுப்பு இருந்ததென்று வெடிப்பு விசாரிக்கவில்லை. கரையான் உண்டா, வெள்ளம் வருமா, கட்டடம் உறுதியா என்று சோதிக்கத் தேர்ந்த ஆள் உண்டு. பத்திரத்தைப் படித்துச் சொல்ல வக்கீல் உண்டு. ஏலமல்லாத கிரயமானால் 5 வேலை நாளுக்குள் விலையில் நூற்றுக்குக் கால் பங்கு இழந்து விலகிக்கொள்ளலாம். ஏலத்தில் எடுத்தால் அதுவும் கிடையாது. இவ்வளவு கெடுபிடிக்கு நடுவே, சோதனைக்காரர் கூலியை வீண் செலவென்று மிச்சம்பிடித்து, வாஸ்துக்காரருக்குத் தட்சணை வைக்கிற புத்திசாலிகளை என்னவென்பது?

கடைசியில் கிரகப்பிரவேசம். தீப்பிடித்தால் அலறி உயிர் காக்கட்டுமென்று அந்த மாகாணத்தில் 2006 முதல் வீடுதோறும் புகைக் கருவி வைக்கச் சட்டமிருக்கிறது. புரோகிதர் வந்ததும் அதைத்தான் முதலில் பிளாஸ்டிக் பையால் கட்டுகிறார்கள், ஓமப்புகைக்கு இடைஞ்சலாம்!