அறைச் சாவிக்கு முன்னால ஒரு விசாரணை

போன மாசம் கொழும்பில பெரிய ஹொட்டேல் ஒண்டில ரெண்டு இரவு தங்கினம். மெத்தை திறம், காலைச் சாப்பாடு அதைவிடத் திறம். பில்லில 10 வீத சேவைக் கட்டணம், அதுக்கு மேல 18 வீத வற். அதைப் பற்றி எல்லாரும் புலம்பியாச்சு.

எங்கட பிரச்சினை வேற. எங்களுக்கு முன்னால நிண்ட வெளிநாட்டுச் சோடியிட்ட கடவுச்சீட்டு மட்டும் வாங்கிச்சினம். எங்கட அடையாள அட்டையில யாழ்ப்பாண முகவரியைக் கண்டதும் ஏன் வந்தனீங்கள், ஆரைச் சந்திக்கப் போறீங்கள் எண்டு கேள்வி. சிரிச்சுக்கொண்டுதான் கேட்டவை.

2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த 300க்கும் மேற்பட்ட தமிழர்களை பஸ்களில் ஏற்றி நகரைவிட்டு வெளியேற்றினார்கள். உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் அது நிண்டது. எங்களில பலர் அப்ப சின்னப் பிள்ளையள். எங்கட அம்மாமார் இண்டைக்கும் கொழும்புக்குப் போனால் சொந்தக்காரர் வீட்டிலதான் நிப்பினம், எவ்வளவு நெருக்கடி எண்டாலும்.

வரவேற்பு மேசையில நிண்ட பிள்ளைக்கு இந்தக் கதை தெரியாமல் இருக்கலாம். அவவில கோபமில்லை. ஆனால் கேட்கவேண்டிய கேள்விகளை நிர்வாகம் படிவத்தில் அச்சடித்து, எல்லாரிட்டயும் ஒரே மாதிரிக் கேட்கலாமே? கருத்துப் படிவத்தில இதை மூண்டு மொழியிலயும் எழுதிக் குடுத்தம். இன்னும் பதில் வரேல்லை.