மூணு படம் கொடுத்தா டிசைன் முடிஞ்சுதா?

போன வருஷம் எங்க டிபார்ட்மென்ட் விழாவுக்கு வெப்சைட் செய்தோம். டிசைனர் நண்பன் 1440, 768, 375 பிக்சல் அகலத்தில் மூன்று படங்கள் வரைந்து மெயிலில் அனுப்பினான். அதை அப்படியே கோடாக மாற்றியது அடியேன். நாங்கள் சேர்ந்து உட்கார்ந்தது பத்து நிமிஷம்கூட இருக்காது.

விழாவுக்கு நாலு நாள் இருக்கும்போது ஒரு ஜூனியர் பெண் போனை நீட்டி, "அண்ணா, பதிவு பண்ற பட்டனே வரல" என்றாள். 360 பிக்சல் போன். படத்தில் 'ரெஜிஸ்டர்' என்று குட்டியாக இருந்தது, தமிழில் 'பதிவு செய்ய இங்கே அழுத்தவும்' என்று நீண்டு, பக்கத்து பட்டனோடு மோதி திரைக்கு வெளியே போயிருந்தது. பக்கவாட்டில் நகர்த்தியும் பார்க்க முடியாது. ஓவர்ஃப்ளோவை ஹிட்டன் என்று வைத்த புண்ணியவான் நானேதான்!

"கோடு போட்டவன் கெடுத்துட்டான்" என்றான் அவன். "படத்துல இல்லையே" என்றேன் நான். இரண்டுமே சப்பைக்கட்டு.

ஈத்தன் மார்கோட் 2010-இல் ரெஸ்பான்சிவ் டிசைன் என்று பெயர் வைத்தபோது சொன்னது மூன்று விஷயம்: நெகிழும் கட்டங்கள், நெகிழும் படங்கள், மீடியா கொயரி. இதில் எதுவும் அசையாத படத்தில் தெரியாது. பிரவுசரின் ஓரத்தைப் பிடித்து இழுத்தால்தான் தெரியும். 375-க்கும் 768-க்கும் நடுவில் மட்டும் 392 அகலங்கள் இருக்கின்றன. அத்தனைக்கும் யார் படம் வரைவது?

"அப்போ டிசைனர் கோடிங் கத்துக்கணுமா?" என்று சண்டைக்கு வருவார்கள். வேண்டாம் சாமி. இடம் குறைந்தால் எது கீழே இறங்கணும், எது சுருங்கணும், எது அசையவே கூடாது என்று சொன்னால் போதும். அதுதான் டிசைன். டெவலப்பர் முதல் நாளே ஒரு கரடுமுரடான பக்கத்தை, நிஜமான தமிழ் வரிகளோடு, விலை குறைந்த போனில் ஓட்டிக் காட்டணும். வேலை முடிந்த பிறகு "இது முடியாது" என்று கையை விரிப்பது அயோக்கியத்தனம்.

அன்றிரவு இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். பட்டன்கள் ஒன்றன் கீழ் ஒன்றாக வரட்டும் என்றான். ஃப்ளெக்ஸ்-ரேப், ஒரே ஒரு வரி. இருபது நிமிஷத்தில் முடிந்தது.

அந்தப் பெண் வந்து சொன்னாள். சொல்லாமலே போனவர்கள் எத்தனை பேரோ!