சாமியும் எக்செல் ஷீட்டும்

போன செமஸ்டரில் எங்க ஹாஸ்டல் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு ஃபார்வர்டு வந்தது. இன்னும் இருபது வருஷத்தில் நாட்டில் முஸ்லிம்கள் பெரும்பான்மை ஆகிடுவாங்களாம். சிவப்பில் ஒரு கிராஃப், அதுவும் மேலே ஏறிக்கிட்டே போகுது. யார் எண்ணினது, எப்ப எண்ணினது, ஒண்ணும் இல்லை. அரை மணி நேரத்தில் அறுபது மெசேஜ். ரெண்டு பேர் குரூப்பை விட்டே போயிட்டாங்க. ரெண்டு பேரும் முதல் வருஷத்திலிருந்து என்கூட ஒரே மெஸ் டேபிளில் சாப்பிட்டவங்க.

நான் அன்னைக்கு வாயைத் திறக்கலை. நல்லவன் மாதிரி அமைதியா இருந்தேன்னு நினைக்காதீங்க. சொல்றதுக்கு என் கையில் ஒரு நம்பர்கூட இல்லை, அவ்வளவுதான்.

மறுநாள்தான் தேடினேன். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இணையதளத்தில் மதவாரி அட்டவணைகள் சும்மா கிடக்குது. எக்செல் ஷீட்டாகவே இறக்கிக்கலாம், காசு கிடையாது. 2011 கணக்குப்படி இந்துக்கள் 79.8 சதவீதம், முஸ்லிம்கள் 14.2 சதவீதம். 1951-இல் முஸ்லிம்கள் 9.8 சதவீதம். அதாவது 60 வருஷத்தில் 4.4 புள்ளி கூடியிருக்கு. இதே வேகத்தில் போனால் 50-ஐத் தொட எத்தனை வருஷம் ஆகும்? எம்-3 பேப்பரில் அரியர் வச்சிருக்கிறவன்கூடப் போட்டுடலாம். அந்த வேகமும் குறைஞ்சுக்கிட்டே வருது. 1991-2001-இல் முஸ்லிம்களின் பத்தாண்டு வளர்ச்சி 29.5 சதவீதம், அடுத்த பத்தாண்டில் 24.6. இந்துக்களுக்கு 19.9-இலிருந்து 16.8. ரெண்டு பக்கமும் இறங்குது. தேசியக் குடும்ப நல ஆய்வைப் பார்த்தால், ஒரு பெண்ணுக்குச் சராசரியா எத்தனை குழந்தைங்கிற கணக்கு 1992-93-இல் இந்துக்களில் 3.3, முஸ்லிம்களில் 4.4. 2019-21-இல் 1.94, 2.36. இடைவெளி பாதிக்கும் கீழே வந்தாச்சு.

இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஆன நேரம் இருபத்தஞ்சு நிமிஷம். இதில் பத்து நிமிஷம் ஹாஸ்டல் வைஃபை.

நம்ம கல்லூரியில் டேட்டா சயின்ஸ் எலெக்டிவ் எடுத்த எல்லாரும் டைட்டானிக் டேட்டாசெட்டைத் தொட்டிருப்பீங்க. 1912-இல் முழுகின கப்பலில் யார் பிழைச்சிருப்பாங்கன்னு மாடல் போடுறோம். பூவிதழை அளந்து ஐரிஸ் எந்த வகைன்னு சொல்றோம். நம்ம கூடப் படிக்கிறவன் எதை நம்புறான்ங்கிறதை மட்டும் யாரும் எடுத்துப் பார்க்கிறதில்லை. மதம்னா நமக்கு ரெண்டே நிலை. ஒண்ணு ஆயுத பூஜை அன்னைக்கு லேத் மெஷினுக்கும் லேப் கம்ப்யூட்டருக்கும் சந்தனம் குங்குமம் வைக்கிறது, இல்லைன்னா குரூப்பில் சண்டை. நடுவில் 'படிக்கிறது'ன்னு ஒண்ணு இருக்குங்கிறதே தெரியலை. நம்பிக்கை இருக்கிறவன் இல்லாதவன் ரெண்டு பேருக்கும் அந்த நடு இடத்தில் வேலை இருக்கு.

அமெரிக்காவில் இதுக்குன்னே ஒரு காப்பகம் வச்சிருக்காங்க. ஏ.ஆர்.டி.ஏ., மதத் தரவுக் காப்பகங்களின் சங்கம். ரோஜர் ஃபிங்க் என்ற சமூகவியலாளர் தொண்ணூறுகளின் கடைசியில் ஆரம்பிச்சது. அங்கே அது தேவைப்பட்டதுக்கு ஒரு காரணம் இருக்கு. அமெரிக்கக் கணக்கெடுப்பில் மதத்தைப் பற்றிக் கேட்டுப் பதில் சொல்லியே ஆகணும்னு யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு 1976-இல் சட்டமே போட்டுட்டாங்க. அதனால் அரசாங்கம் எண்ணுறதில்லை. மத அமைப்புகளே பத்து வருஷத்துக்கு ஒருமுறை கவுன்டி வாரியா எண்ணி வெளியிடுறாங்க. 2010, 2020 ரெண்டுமே அந்தக் காப்பகத்தில் இருக்கு. ஆயிரத்துக்கு மேல் தரவுக் கோப்புகள். ஒவ்வொண்ணுக்கும் என்ன கேள்வி கேட்டாங்க, என்ன வார்த்தையில் கேட்டாங்க, எத்தனை பேர் பதில் சொன்னாங்கன்னு விளக்கம். மாணவர்களுக்குப் பயிற்சிப் பாடங்கள், பேராசிரியர்கள் தங்கள் வகுப்புக்குத் தயாரிச்ச பாடத்திட்டங்கள், நாடுவாரிப் பக்கங்கள் எல்லாம் இலவசம்.

இந்தியா பற்றி வேணும்னா பியூ ஆய்வு மையத்துக்குப் போங்க. 2019 நவம்பரிலிருந்து 2020 மார்ச் வரைக்கும் 17 மொழிகளில் 29,999 பேரை நேரில் பார்த்துக் கேட்டிருக்காங்க. 2021-இல் அறிக்கை வந்தது. ஒரு கணக்குத் தொடங்கினால் மூலத் தரவையே தருவாங்க. உண்மையான இந்தியரா இருக்க எல்லா மதங்களையும் மதிப்பது ரொம்ப முக்கியம்னு சொன்னவங்க 84 சதவீதம். அதே ஆய்வில், இந்துப் பெண்கள் வேற மதத்தில் கல்யாணம் பண்ணுவதைத் தடுப்பது ரொம்ப முக்கியம்னு சொன்ன இந்துக்கள் 67 சதவீதம். தங்கள் பெண்களைப் பற்றி அதையே சொன்ன முஸ்லிம்கள் 80 சதவீதம். கர்மாவை நம்புறேன்னு சொன்னவங்க இந்துக்களில் 77, முஸ்லிம்களிலும் அதே 77. நம்ம நாட்டைப் பற்றி நாம சொல்லிக்கிற ரெண்டு கதையும் (எல்லாரும் அண்ணன் தம்பி, எல்லாரும் எதிரி) இந்த ஒரே ஷீட்டில் அடிபடுது. எனக்கு அது பிடிச்சிருந்தது.

நம்பரைக் கும்பிடச் சொல்றேன்னு நினைச்சுடாதீங்க. என் அத்தை வீடு திருவாரூர்ப் பக்கம். வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோவில், வேண்டுதல்னா வேளாங்கண்ணி, பேரனுக்குக் காய்ச்சல் விடலைன்னா நாகூர் தர்கா. 2011-இல் கணக்கெடுக்க வந்தவர் இவ்வளவையும் ஒரு கட்டத்துக்குள் '1' என்று எழுதிட்டுப் போயிருப்பார். இந்து 1, முஸ்லிம் 2, கிறிஸ்தவர் 3, சீக்கியர் 4, பௌத்தர் 5, சமணர் 6. மற்றவங்க மதத்தின் பெயரை எழுதணும். அப்படி 'சர்னா'ன்னு எழுதின பழங்குடி மக்கள் மட்டும் 49 லட்சத்துக்கு மேல். சமணர்கள் 44 லட்சம்தான், ஆனா அவங்களுக்குத் தனி எண் உண்டு, சர்னாவுக்குக் கிடையாது. இன்னொண்ணு, 1950-இல் வந்த பட்டியல் சாதி ஆணை முதலில் இந்துக்களுக்கு மட்டும். 1956-இல் சீக்கியர்களையும், 1990-இல் பௌத்தர்களையும் சேர்த்தாங்க. கிறிஸ்தவர்களை, முஸ்லிம்களைச் சேர்க்கலை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போற ஒரு தலித் குடும்பம் ஃபாரத்தில் என்ன சொல்லும்னு யோசிச்சுப் பாருங்க. அந்தக் கட்டம் எப்படி நிரம்பினதுன்னு தெரியாமல் பாண்டாஸில் குரூப்-பை போட்டு ஒரு பிரயோஜனமும் இல்லை.

நம்பர் வேண்டாம், எழுத்துதான் வேணும்னா அதுக்கும் பஞ்சமில்லை. மதுரைத் திட்டம் 1998 பொங்கலிலிருந்து தன்னார்வலர்களால் ஓடுது. தேவாரமும் மணிமேகலையும் சீறாப்புராணமும் தேம்பாவணியும் ஒரே அலமாரியில் இருக்கு. சைவம், பௌத்தம், இஸ்லாம், கிறிஸ்தவம் நாலும் தமிழ்ல என்ன பேசியிருக்குன்னு ஒரே ராத்திரியில் புரட்டலாம். பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் டிஜிட்டல் தேவாரத்தில் ஆங்கில விளக்கமும் சொல்லடைவும் உண்டு. எந்தச் சொல் எங்கெங்கே வருதுன்னு தேட அது அருமை. யூத நூல்களுக்கு செஃபாரியா. அவங்க முழுத் தரவுத்தளத்தையும் புரோகிராமர்களுக்குத் திறந்தே வச்சிருக்காங்க. குர்ஆனின் ஒவ்வொரு சொல்லுக்கும் இலக்கணக் குறிப்பு எழுதின தொகுப்பு லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவானது. பாலி சுத்தங்களுக்கு சுத்தசென்ட்ரல். இயல்மொழிச் செயலாக்கத்தில் பிராஜெக்ட் தேடுறவங்க இன்னும் சினிமா விமர்சனத்தையே பாசிட்டிவ், நெகட்டிவ்னு பிரிச்சுக்கிட்டு இருக்காதீங்க.

'இலவசம்'ங்கிற வார்த்தையை மட்டும் கொஞ்சம் சந்தேகமாப் பாருங்க. ஏ.ஆர்.டி.ஏ.வுக்கு லில்லி என்டௌமென்ட், டெம்பிள்டன் மாதிரி அறக்கட்டளைகள் பணம் கொடுக்குது. பல நாடுகளின் குடும்ப நலத் தரவை உலகத்துக்குக் கொடுத்துக்கிட்டு இருந்த டி.எச்.எஸ். திட்டம், 2025-இல் அமெரிக்க அரசு நிதியை நிறுத்தினதும் தள்ளாடிப் போச்சு. நமக்கு இலவசம்னா யாரோ பணம் கட்டுறாங்கன்னு அர்த்தம். பிடிச்ச கோப்பை இன்னைக்கே இறக்கி வச்சுக்கோங்க.

என் உண்மையான வருத்தம் வேற. நான் சொன்ன ஆய்வுகளின் விளக்கக் குறிப்போ, பயிற்சிப் பாடமோ, ஒரு பக்கம்கூடத் தமிழில் எனக்குக் கிடைக்கலை. தமிழில் கேட்டு வாங்கின பதில்களை இங்கிலீஷில்தான் படிக்க வேண்டியிருக்கு. ஃபார்வர்டு மட்டும் நல்ல தமிழில் வருது. அடுத்த இதழிலிருந்து மாசம் ஒரு அட்டவணையை எடுத்து, கட்டம் கட்டமா நம்ம மொழியில் விளக்கிப் போடலாம்னு ஆசிரியர் குழுகிட்ட கேட்டிருக்கேன். பைத்தான் தெரிஞ்ச ரெண்டு பேர், தமிழ் ஒழுங்கா எழுதத் தெரிஞ்ச ஒருத்தர் வேணும். மதம் எதுவா இருந்தாலும் சரி, இல்லாமல் இருந்தாலும் சரி.

குரூப்பை விட்டுப் போன ரெண்டு பேருக்கும் அந்த 1951-2011 ஷீட்டைத் தனித்தனியா அனுப்பினேன். ஒருத்தன், "இதை அன்னைக்கே போட்டிருக்கலாம்லடா?"ன்னு பதில் போட்டான். இன்னொருத்தனுக்கு நீல டிக் விழுந்திருக்கு. அவன் இப்பவும் வேற டேபிளில்தான் சாப்பிடுறான்.