பூட்டிய திரை, திறந்த நினைவகம்

“லினக்ஸில்தான் வேலை செய்கிறேன், என் தரவு பத்திரம்” என்றொரு சுயதிருப்தி நம் ஆய்வாளர் வட்டத்தில் நிலவுகிறது. நானும் அதில் திளைத்தவனே. அண்மையில் தாராவிக் களப்பணி முடித்து, ஹார்பர் ரயிலில் நெருள் வந்திறங்கிப் பையைத் திறந்தால், மூடிய மடிக்கணினி கொதித்துக்கொண்டிருந்தது. வழிநெடுக அது உறங்கவே இல்லை. உள்ளே, மாடி அறைகளில் வாடகைக்கு இருப்போரின் நேர்காணல்கள். தகுதி வரம்புக்கு எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதை என்னை நம்பிச் சொன்ன குரல்கள். அவை கசிந்தால் எனக்குப் போவது பெயர். அவர்களுக்குப் போவது வீடு.

“வட்டு முழுவதையும் குறியாக்கம் செய்துவிட்டேனே” என்பீர்கள். துயில்நிலையில் நினைவகத்துக்கு மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கிறது. வழக்கமான அமைப்பில் குறியாக்கச் சாவியும் அங்கேயே கிடக்கிறது. மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் அத்தகைய சாவியை மீட்க முடியும் என்று பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் 2008இலேயே காட்டிவிட்டார்கள். திரைப்பூட்டோ இன்னும் மெலிந்தது. எக்ஸ்11இல் அதுவும் மற்றொரு நிரல்தான்; அது செத்தால் கதவு திறந்துகொள்ளும். 2021 ஜனவரியில் லினக்ஸ் மின்ட்டின் பூட்டைத் திறந்தவர்கள் கைதேர்ந்த ஊடுருவிகள் அல்லர். விசைப்பலகையைக் கண்டபடி தட்டிய குழந்தைகள்.

நினைவகத்தை வட்டில் எழுதிவிட்டு மின்சாரத்தை அறவே நிறுத்தும் ஹைபர்னேட், ஸ்வாப் பகுதியும் குறியாக்கப்பட்டிருந்தால், உண்மையான காவல். உபுண்டுவோ 2012 முதல் அதை இயல்பில் மறைத்தே வைத்தது. செக்யூர் பூட் இயங்கினால் பல விநியோகங்களின் கெர்னல் அதை மறுத்தும் விடுகிறது. தொழில்நுட்பக் காரணங்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் “ஆவணத்தைப் படித்துக்கொள்” என்று பயனரை விரட்டும் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களே, சமூகவியல் மாணவி லாகின்ட் கோப்பைத் திருத்தத் தெரிந்திருந்தால்தான் தன் தகவலாளிகளைக் காக்க முடியும் என்றால், நீங்கள் பேசும் விடுதலை யாருக்கானது?

அறநெறிக் குழுக்களும் தப்ப முடியாது. “கடவுச்சொல் உண்டா?” என்று கேட்டுக் கட்டத்தில் குறியிட்டால் கடமை முடிந்ததா? கருவி எந்த நிலையில் பயணம் செய்கிறது என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

அதுவரை, தோழர்களே, களத்தை விட்டுக் கிளம்புமுன் கணினியை முழுமையாக அணையுங்கள். மீண்டும் இயக்க ஒரு நிமிடம் ஆகலாம். நம்மிடம் பேசியவர்களுக்கு நாம் அந்த ஒரு நிமிடமாவது கடன்பட்டிருக்கிறோம்.